ஊதிப் பார்க்கும் மெஷின்: 14 மாதம் வைத்துப் பார்த்ததில்

சங்ககிரியில் எங்களுக்கு 9 லாரி ஓடுகிறது. டிரைவர் குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கும் மெஷின் வாங்கி 14 மாதம் ஆகிறது. வாங்கலாமா, எது வாங்கலாம் என்று தெரிந்த லாரிக்காரர்கள் அடிக்கடி போனில் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன், செமிகண்டக்டர் சென்சார் வைத்தது. எங்களிடம் பீர்கூடத் தொடாத டிரைவர் ஒருவர் இருக்கிறார், சர்க்கரை நோயாளி. ஒருநாள் விடியற்காலை வெறும் வயிற்றில் வந்து ஊதினார், சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. கிளீனர் பையன்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை, சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் மூச்சில் அசிட்டோன் வரும், அதையும் சிகரெட் புகையையும்கூட இந்த மலிவு சென்சார் ஆல்கஹால் என்று காட்டிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தயவுசெய்து இந்த வகையை வாங்காதீர்கள். ஒருவருடைய பிழைப்பையும் மானத்தையும் 1,400 ரூபாய்ப் பொருளை நம்பி முடிவுசெய்யக் கூடாது.

இப்போது இருப்பது பியூயல் செல் மெஷின், 13,000 ரூபாய் ஆனது. உள்ளே பிளாட்டினம் பூசிய தகடு இருக்கிறது, மூச்சில் வரும் ஆல்கஹால் அதில் பட்டு மாறும்போது லேசாக மின்சாரம் உண்டாகும், அதை அளந்து 100 மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. அசிட்டோனுக்கு ஏமாறுவதில்லை. சட்டப்படி 30ஐத் தாண்டினால் குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம்வரை சிறை, இரண்டுமேகூட விழலாம். எங்கள் ஆபீஸில் 30 கணக்கு கிடையாது, ஜீரோதான். லோடோடு தொப்பூர் கணவாய் இறங்குகிறவருக்கு 20 இருந்தால் பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இருமல் டானிக் குடித்துவிட்டோ வாய் கொப்பளிக்கும் மருந்து போட்டுவிட்டோ உடனே ஊதினால் இதுவும் தப்பாகக் காட்டும், அதனால் எண் வந்தால் வாயைக் கழுவச் சொல்லி 15 நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்லுங்கள். மவுத்பீஸ் ஆளுக்கு ஒன்று, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மெஷின் காசுக்கு வேலை செய்த இடம் எது என்றால் விடியற்காலை வண்டி எடுக்கும் நேரம்தான். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தானே திறக்கிறது, காலையில் வருகிறவர் எப்படிக் குடித்திருப்பார் என்று நானே நினைத்திருந்தேன். ஆனால் உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். ராத்திரி 11 மணிக்கு ரத்தத்தில் 150 இருந்தவருக்குக் காலை 5 மணிக்கும் 60 இருக்கும், அதாவது சட்டம் சொல்வதைப்போல் இரண்டு மடங்கு. தூங்கி எழுந்து குளித்து, நெற்றியில் திருநீறு பூசி வந்தவர் ஊதி 58 வந்ததும் என்னைவிட அவர்தான் அதிர்ந்துபோனார். "தெளிஞ்சிருச்சுன்னுதானுங்க நெனச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணைப் பார்த்தபிறகு டிரிப்புக்கு முந்தின ராத்திரி குடிப்பதை மூன்று பேர் தாங்களாகவே விட்டார்கள்.

இனி மெஷின் காட்டாத விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் டிரைவர்களிலேயே மூத்தவர், 22 வருடமாக எங்களிடம் இருக்கிறார், அப்பா காலத்து ஆள். போன ஆடி மாதம் ஒருநாள் காலை வந்தார், ஊதினார், ஜீரோ. நானும் டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பையன் டீ கொண்டுவந்தான். அண்ணன் டம்ளரை ஒரு கையால் எடுத்தவர் உடனே மறு கையையும் வைத்து அழுத்திப் பிடித்தார், அப்படியும் டீ தளும்பி விரலில் வழிந்தது. சுட்டதே அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. சட்டை முதுகு முழுக்க வியர்வை, அந்தக் குளிர்ந்த காற்றிலும். "என்னண்ணா, உடம்பு சரியில்லையா?" என்றேன். "முந்தாநாள் ராத்திரியோட விட்டுட்டனுங்க முதலாளி, மெசினுக்குப் பயந்துக்கிட்டு" என்றார். சொல்லி ஐந்து நிமிடம் இருக்கும், பெஞ்சிலிருந்து சாய்ந்து வலிப்பு வந்துவிட்டது. வண்டியில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது: வருடக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் இப்படி வலிப்பு வரலாம், அதன்பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறிப் பிதற்றல் வரும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து; இவர்களுக்கு மருந்து கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டும். ஜீரோ வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை.

அதிலிருந்து ஊதவைப்பதற்கு முன் டீ கொடுத்து 10 நிமிடம் பேசுகிறோம். கை, கண், பேச்சு பார்ப்பேன். பழைய டிரிப் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தால் அண்ணன் கையெழுத்து ஆறு மாதமாகவே கோணலாகிக்கொண்டு வந்திருக்கிறது, திங்கட்கிழமை லீவு கூடியிருக்கிறது. கண்ணுக்கு எதிரே இருந்தும் நான் பார்க்கவில்லை. எண் வந்தால் சாவியை வாங்கிக்கொள்வதில் மாற்றமில்லை, ஆனால் பேச்சு உள்ளே தனியாக. வீட்டுக்குத் தனியே அனுப்புவதில்லை, யாராவது கொண்டுபோய் விட வேண்டும். டிரிப்புக்குக் கிடைக்கும் படிக்காசு முழுதாகப் போய்விடும் என்றால் எல்லாரும் மறைக்கத்தான் பார்ப்பார்கள், அதனால் தானாக வந்து "இன்னைக்கு வேண்டாங்க" என்று சொல்கிறவருக்கு லாரி ஷெட்டிலேயே வேலையும் அன்றைய சம்பளமும் உண்டு. செலவுதான், ஆனால் ஒரு விபத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. டிரைவர் குடித்திருந்தது தெரிந்தால் சொந்த வண்டி சேதத்துக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுப்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

கஞ்சா, தூக்கம் வராமலிருக்க விழுங்கும் மாத்திரை எதையும் இந்த மெஷின் கண்டுபிடிக்காது. சிறுநீர் பரிசோதனை கிட் விற்கிறார்கள், ஆனால் கஞ்சா பல நாள் கழித்தும் அதில் தெரியும், இப்போது போதையில் இருக்கிறாரா என்று அது சொல்லாது. அதற்கும் ஆளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மெஷினில் பெரிய குறை காலிபரேஷன், அதாவது அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சரிசெய்வது. 6 மாதத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்கிறார்கள், நான் அனுப்பியபோது 19 நாள் வைத்துக்கொண்டார்கள், நான்கு தடவை போன் போட்டும் சரியான பதில் இல்லை. வாங்கும்போதே மாற்று மெஷின் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போதை மறுவாழ்வுக்கு அரசு இலவச எண் 14446 இருக்கிறது, அதை மெஷின் பெட்டி மேலேயே ஒட்டிவைத்திருக்கிறோம். சேலம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு இதுவரை இரண்டு பேரை நானே கூட்டிப் போனேன். மூத்தவர் இப்போது மருந்தில் இருக்கிறார், இன்னும் வண்டி கொடுக்கவில்லை, லோடு கணக்கு பார்க்கிறார். நடுவில் ஒருமுறை குடித்துவிட்டார், அவர் வீட்டு அக்காதான் போன் செய்து சொன்னார். மறுபடி கூட்டிக்கொண்டு போனோம்.