முழு சிலிக்கான் யூரின் டியூப்: அப்பாவுக்கு வாங்கிப் பார்த்ததில் தெரிந்தவை

வீட்டில் யூரின் டியூபோடு ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாதக்கணக்கில் டியூப் தேவைப்படும் என்றால் சாதாரண லேட்டக்ஸ் (ரப்பர்) வேண்டாம், முழு சிலிக்கான் ஃபோலி கதீட்டர் (நழுவாமல் இருக்க நுனிப் பக்கம் தண்ணீர் நிரப்பும் சின்ன பலூன் உள்ள டியூப்) வாங்குங்கள், விலை பல மடங்கு கூட என்றாலும் பரவாயில்லை. ஆனால் அதை வாங்கிவிட்டதாலேயே சிறுநீர்ப்பை தழும்பாகி இறுகாமல் தப்பித்துவிட்டது என்று இருந்துவிட முடியாது.

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, அதில் நரம்பு கெட்டு சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கி வெளியேற்றுவது நின்றுபோனது. மருத்துவமனையில் முதலில் போட்டது சிலிக்கான் பூசிய லேட்டக்ஸ். அடிக்கடி அடைத்துக்கொள்ளும், அடிவயிறு உப்பும், ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடவேண்டும். ஒருமுறை நர்ஸ் கழற்றிய டியூபை வாங்கிப் பார்த்தேன். நுனியில் இருக்கும் துளை பாதிக்கு மேல் மூடி, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது, அழுத்தினால் நறநறவென்று உதிர்ந்தது. புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள் சிறுநீரில் உள்ள யூரியாவை அமோனியாவாக உடைக்கும்போது சிறுநீர் அமிலத்தன்மை போய்க் காரத்தன்மைக்கு மாறிவிடுகிறது, அப்போது மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டாகப் படிகின்றன. சிலிக்கானிலும் இது படியத்தான் செய்யும், ஆனால் அதே 16 சைஸில் (இது வெளித் தடிமனின் அளவு) உள்துவாரம் பெரியது என்பதால் அடைக்க நாளாகிறது. எங்களுக்கு அந்த ராத்திரி ஓட்டம் நன்றாகவே குறைந்துவிட்டது.

குறையும் இருக்கிறது. டியூப் கொஞ்சம் விறைப்பு. பலூனில் உள்ள தண்ணீர் மெதுவாகக் கசிந்து குறையும், கவனிக்காவிட்டால் டியூப் நழுவும். கழற்றும்போது பலூன் மடிந்து வலிக்கலாம், அதனால் சிரிஞ்சை வேகமாக இழுக்காமல் தண்ணீர் தானாக வர விடச் சொல்லுங்கள். பலூனுக்கு ஸ்டெரைல் வாட்டர்தான், சலைன் கூடாது, உப்பு படிந்து வால்வு அடைத்தால் பலூனைச் சுருக்கவே முடியாமல் போகலாம்.

சரி, சிறுநீர்ப்பைக்கு வருவோம். எந்த டியூபாக இருந்தாலும் நுனியும் பலூனும் உள்சுவரில் உரசிக்கொண்டே இருக்கின்றன, கிருமி வந்து வந்து போகிறது. இந்தப் புண்ணும் வீக்கமும் ஆறாமல் நீடித்தால், விரிந்து சுருங்கவேண்டிய தசைக்கு நடுவே கொலாஜன் என்ற நார்ப்பொருள் சேர்ந்து தழும்பாகிச் சுவர் தடித்துவிடும். போதாததற்கு, டியூப் வழியாக எப்போதும் வடிந்துகொண்டே இருப்பதால் பை நிரம்பி விரியவே வாய்ப்பில்லை. 400 முதல் 500 மில்லி பிடிக்கவேண்டிய பை அப்படியே சுருங்கி இறுகிவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் கிட்னியை நோக்கித் திரும்பலாம். தழும்பு விழுந்த பிறகு அதைப் பழையபடி ஆக்கும் மாத்திரை கிடையாது.

டியூப் மட்டும்தான் காரணம் என்றில்லை. சிறுநீர்ப் பாதையில் காசநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சு (வருஷங்கள் கழித்தும் வேலையைக் காட்டும்), சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து, கவனிக்காமல் விட்ட புராஸ்டேட் அடைப்பு, எல்லாமே இதே இடத்தில் கொண்டுவந்து விடக்கூடியவை. இதில் ஏதாவது ஒன்று நீங்கள் பார்த்துக்கொள்பவருக்கு முன்பே இருந்தால் டியூப் போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், டிஸ்சார்ஜ் ஆகும்போது இதில் ஒரு வார்த்தைகூட எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயை விட்டு சிறுநீரை எடுத்துவிட்டு உடனே கழற்றிவிடும் முறை ஒன்று இருக்கிறது என்பதையே பிறகு வேறொரு யூராலஜிஸ்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அமெரிக்காவில் ஜாக் லாபிடெஸ் என்ற மருத்துவர் 1972-லேயே எழுதிவைத்த முறை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டிலேயே செய்யலாம், பையும் நிரம்பிக் காலியாகிக்கொண்டிருக்கும். அப்பாவுக்குக் கை நடுக்கம், பகலில் கூட இருக்க ஆள் இல்லை, அதனால் எங்களுக்கு டியூப்தான் என்று ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் முடியும் என்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

வாங்கும்போது ஒன்று. சில கடைகளில் சிலிக்கான் என்று கேட்டால் சிலிக்கான் பூசிய லேட்டக்ஸை எடுத்து நீட்டுகிறார்கள். உறையில் நூறு சதவீத சிலிக்கான் என்று போட்டிருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். லேட்டக்ஸ் பெரும்பாலும் பழுப்பு மஞ்சள், முழு சிலிக்கான் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஆபரேஷன் முடிந்து சில நாளுக்கு மட்டும் என்றால், லேட்டக்ஸ் அலர்ஜி இல்லாதவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை.