கட்-ஆஃப் 120-க்கு பொறியியல் கவுன்சிலிங்கில் சீட் வராது என்று சொல்பவரிடம் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்

என் மகன் 2023-ல் பிளஸ் டூ முடித்தான். கணிதம் 58, இயற்பியல் 61, வேதியியல் 63. கணிதத்தை அப்படியே வைத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு 120. அரசு நடத்தும் பொறியியல் கவுன்சிலிங்கில் இதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். மோசமான மார்க் இல்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் உடனே சொல்லிவிடக்கூடிய மார்க்கும் இல்லை. நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவர்கள் யாரும் கிடையாது, அவன்தான் முதல். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது போல, அந்த ஆளுக்கு.

பஸ் ஸ்டாண்டு அருகே மாடியில் ஒரு அட்மிஷன் கன்சல்டன்சி. பட்டறையில் ஒருவர் சொல்லித்தான் போனோம். மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மேசையில் கவிழ்த்து வைத்தார். "ஏனுங்ண்ணா, இந்த மார்க்குக்கு கடைசி ரவுண்டுலதான் கூப்பிடுவாங்க. அங்க ஒண்ணும் மிஞ்சியிருக்காது. இருந்தாலும் பதிவு பண்ணி வைப்போம். வரலைன்னா மேனேஜ்மென்ட்ல, காலேஜே நேரடியா குடுக்கிற சீட்டுல, கம்ப்யூட்டர் சயின்ஸ் நான் வாங்கித் தர்றேன், கவலைப்படாதீங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் தலையை நிமிர்த்தவே இல்லை. அவனை அப்படிப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

பதிவுக்கு 1,500 ரூபாய் வாங்கினார். கவுன்சிலிங் பதிவுக் கட்டணம் எங்களுக்கு 500 ரூபாய்தான், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250 என்பது பிறகுதான் தெரிந்தது. அதுகூடப் போகட்டும். விண்ணப்பத்தில் என் செல் நம்பருக்குப் பதிலாகத் தன் ஆபீஸ் நம்பரைப் போட்டிருந்தார். ஓ.டி.பி., பாஸ்வேர்டு எல்லாம் அவர் கையில். மூன்றாவது ரவுண்டு வந்தபோது, "சாய்ஸ் லிஸ்ட் நாங்களே போட்டு லாக் பண்ணிட்டோம், நீங்க அலைய வேண்டாம்" என்றார். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் வேண்டும் என்று நாம் வரிசையாகக் கொடுக்க வேண்டிய லிஸ்ட் அது. அவர் போட்டதை நாங்களும் உதவி என்று நினைத்துக்கொண்டோம்.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அவரே போன் செய்தார். "சீட் வரலைங்ண்ணா. நான்தான் சொன்னேனே. நாளைக்கே காசோட வந்தீங்கன்னா ஒரு சீட் பிடிச்சு வெச்சிருக்கேன்." மறுநாள் காலையில் மனைவியின் தோட்டையும் வளையலையும் வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு போனோம். கன்சல்டன்சிக்கு 15,000. கல்லூரியில் முன்பணம் 60,000. வருஷத்துக்கு 1,40,000 ஆகும் என்றார்கள். மார்க் ஷீட், டி.சி., எல்லாம் ஒரிஜினல் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். 60,000-த்தில் 25,000-க்கு மட்டும்தான் ரசீது தந்தார்கள். அதிலும் கல்விக் கட்டணம் என்று எழுதவில்லை, 'மேம்பாட்டு நிதி' என்று இருந்தது. தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசின் கட்டண நிர்ணயக் கமிட்டி 2017-ல் வைத்த கல்விக் கட்டணம் கவுன்சிலிங் சீட்டுக்கு 50,000, என்.பி.ஏ. என்கிற தேசிய தர அமைப்பின் அங்கீகாரம் உள்ள பாடப்பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கே 85,000, 87,000தான் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் நன்கொடை வாங்கக் கூடாது என்று 1992-லேயே இங்கே சட்டம் இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போயிருந்தால் அந்த ரசீதைக் கையில் வாங்கிய நொடியே எழுந்து வந்திருப்பேன்.

முதல் சந்தேகத்தைக் கிளப்பியது அந்தக் கல்லூரி ஆபீசில் இருந்த அம்மாதான். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்குக் கட்டணச் சலுகை கிடைக்க தாசில்தார் கொடுத்த முதல் பட்டதாரி சான்றிதழை நீட்டினேன். மேனேஜ்மென்டிலும் அந்தச் சலுகை உண்டு என்று கன்சல்டன்சிக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். அந்த அம்மா அதைத் திருப்பிக் கொடுத்து, "அது கவுன்சிலிங்ல வர்றவங்களுக்கு மட்டும்தாங்க" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அவருக்கு நன்றி.

வீட்டுக்கு வந்தால், பையனோடு படித்தவன் வந்து உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு கட்-ஆஃப் 112. அதே மூன்றாவது ரவுண்டில் சேலம் பக்கம் இ.சி.இ., அதாவது எலக்ட்ரானிக்ஸ் படிப்பு, கிடைத்திருக்கிறது. "எனக்கே வந்திருக்கு, உனக்கு எப்படிடா வராம போச்சு?" என்று அவன் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் போனோம். ஊருக்கு ஊர் அரசு கல்லூரி, பாலிடெக்னிக்குகளில் வைத்திருக்கிறார்கள், காசே வாங்குவதில்லை. எழுதிக் கொடுத்து, ஆதாரைக் காட்டி, நம்பரை மாற்றினோம். அங்கிருந்த சார் கணக்கைத் திறந்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாய்ஸ் லிஸ்டில் ஐந்தே வரி. கிண்டி, எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி. ஐந்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். 190-க்கு மேல் வைத்திருக்கிற பிள்ளைகள் முதல் ரவுண்டிலேயே எடுத்துக்கொண்டு போகிற சீட்டுகள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், ஐம்பது போடலாம், நூறு போடலாம். என் பையனுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்றே பொறுக்கி ஐந்து போட்டிருக்கிறார். அந்த சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தம்பி, 120-க்கு நல்லாவே கிடைச்சிருக்கும்ப்பா" என்றார். பையன் அங்கேயே அழுதுவிட்டான்.

துணைக் கலந்தாய்வு இருப்பதை அவர்தான் சொன்னார். காலியாக மிஞ்சிய இடங்களுக்கு நடப்பது. அன்றே பதிவு செய்தோம். இந்த முறை லிஸ்டை நாங்களே போட்டோம். போன வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்துக்கு, எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவில், எவ்வளவு கட்-ஆஃபில் சீட் முடிந்தது என்று எல்லாமே வெளியிட்டிருக்கிறார்கள். நம் மார்க்கைவிடப் பத்து அதிகமாக இருப்பதில் தொடங்கி, இருபது குறைவாக இருப்பது வரை எழுதினோம். ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை பேர் தேர்ச்சி என்று அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டருக்கு செமஸ்டர் வெளியிடுகிறது. பாதிப் பேர்கூடத் தேறாத கல்லூரிகளை லிஸ்டிலிருந்து அடித்தோம். என்.பி.ஏ. அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத்தான் கொடுப்பார்கள். வாசலில் பெரிதாக எழுதியிருந்தாலும் நாம் சேரும் பிரிவுக்கு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். மிஞ்சியதில் இரண்டு கல்லூரிக்கு நேரில் போய், முன்கூட்டிச் சொல்லாமல் லேபைப் பார்த்தோம். ஒன்றில் கம்ப்யூட்டர்கள் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. அதையும் அடித்துவிட்டோம்.

இ.இ.இ., அதாவது எலக்ட்ரிக்கல் படிப்பு, கிடைத்தது. பையனுக்கு மோட்டார், வயரிங்கில் ஆசை உண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் அந்த ஆள் தலையில் ஏற்றிய ஆசைதான். ஆனால் ஒரிஜினல் இல்லாமல் எப்படிச் சேர்வது? பழைய கல்லூரியில் கேட்டால், "நாலு வருஷ ஃபீஸும் கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்றார்கள். சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது, வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கவும் கூடாது என்று பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.-யின் விதி இருக்கிறது. உதவி மையத்து சார் சொன்னபடி அதை மனுவில் எழுதி, நகலில் சீல் போட்டுத் தரச் சொல்லி நின்றேன். மூன்று தடவை அலையவிட்டு, சேர வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் கொடுத்தார்கள். ரசீது இருந்த 25,000-ல் 24,000 திரும்பியது. ரசீது இல்லாத 35,000-த்தைப் பற்றிக் கேட்டால் அப்படியொன்று வாங்கவே இல்லை என்கிறார்கள். கன்சல்டன்சிக்காரர் போனை எடுப்பதில்லை. போலீசில் புகார் கொடுத்து ரசீது வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

காசைவிட இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் நாள் அந்த மாடியில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ராசிபுரம் பக்கம் என்றார்கள். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவளாம். அப்படிப் படித்த பிள்ளைகளுக்கு 2021-லிருந்து 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கவுன்சிலிங்கில் அதில் வந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ராசிபுரம் பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது அவர்களைத் தெரிந்தால், அந்தப் பெண் எங்கே சேர்ந்தாள் என்று மட்டும் சொல்லுங்கள்.