ஒரே பாடத்துக்கு மூணு தடவை ஃபீஸ் கட்டின கதை

வேலூர், காட்பாடி பக்கம் கிடார் கிளாஸ் தேடுறவங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. கிளாஸ் பேரு போடல, வம்பு வேண்டாம்.

மாசம் 1,800 ரூபா. முதல் மாசம் ஏ மைனர் ஸ்கேல் (ஏ-ங்கிற சுரத்துல ஆரம்பிக்கிற ஏழு சுர வரிசை): கிடார் கழுத்துல இருக்கிற ஃப்ரெட்போர்டு முழுக்க அஞ்சு ஷேப் (விரல் எங்கெங்க வைக்கணும்னு காட்டுற புள்ளி வடிவம்), அஞ்சு ஜெராக்ஸ் தாள். ரெண்டாவது மாசம் பி மைனர், "புது லெவல்"னு மறுபடி அஞ்சு தாள். மூணாவது மாசம் சி மைனர். இப்படி 12 கீ (ஆரம்ப சுருதி) முடிச்சாத்தான் சோலோ சொல்லித் தருவாராம். கணக்குப் போட்டுப் பாருங்க, 21,600 ரூபா!

நானும் விரல் நுனி காய்ச்சுப் போற அளவுக்கு வாசிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை சத்துவாச்சாரியில இருந்து மாமா வந்திருந்தார். வீணை வாசிக்கிறவர். மூணு மாசப் பாடத்தையும் வாசிச்சுக் காட்டினேன்.

"மூணும் ஒரே நடபைரவி ராகம்தானே மாப்ள? சுருதியை ஏத்தினதுக்கு எதுக்குடா தனியா ஃபீஸு?"

அப்புறம்தான் தாளையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தேன். அதே புள்ளிங்க. முதல் ஷேப் ஏ மைனருக்கு அஞ்சாவது ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே இருக்கிற கட்டம்), பி-க்கு ஏழு, சி-க்கு எட்டு. கைதான் தள்ளிப் போகுது.

அதோட விட்டுச்சா? "கீழ சுத்த தைவதம், மேல சதுச்ருதி தைவதம். நடபைரவியில ஏறி கரகரப்பிரியாவுல இறங்குறியே"ன்னார் மாமா. தைவதம்னா 'த' சுரம்; சுத்தத்தை விட சதுச்ருதி ஒரு ஃப்ரெட் மேல, இந்த ரெண்டு ராகத்துக்கும் அது மட்டும்தான் வித்தியாசம். தப்பு தாள்லயே இருக்கு. ஏ மைனர் முதல் ஷேப்ல பி-ங்கிற கம்பிக்கு 5, 6, 8-வது ஃப்ரெட் வரணும். இவங்க 5, 7, 8 போட்டிருக்காங்க, பக்கத்து இ கம்பியை அப்படியே பார்த்து. மத்த பக்கத்துப் பக்கத்துக் கம்பிங்களுக்கு நடுவுல சுருதி அஞ்சு ஃப்ரெட் வித்தியாசம், ஜி-க்கும் பி-க்கும் மட்டும் நாலு. அதனாலதான் ஷேப் அந்த இடத்துல ஒரு ஃப்ரெட் நகரும். முதல் வாரமே சொல்லியிருக்கணும். மூணு கீ தாள்லயும் அதே தப்பு. இன்னைக்கும் என் விரல் ஆறை விட்டுட்டு ஏழுக்குத்தான் போகுது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மீதி 9 கீ முடிங்க, தானா புரியும்"னு பதில். 5,400 ரூபா போனது போனதுதான்.

ட்ரயல் கிளாஸ்ல "இந்த ஏ மைனரை டி மைனரா வாசிச்சுக் காட்டுங்க சார்"னு கேளுங்க. கை பத்தாவது ஃப்ரெட்டுக்குப் போச்சுன்னா சேருங்க. "அது நாலாவது மாசப் பாடம்"னு சொன்னார்னா, செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிடுங்க.