சாம்பல் கல்லா, ஏஏசி பிளாக்கா, சிஎல்சியா: மதுரை வெயிலுக்கு எது தாங்கும்?

"ஃபிளை ஆஷ் கல் (சாம்பல் கல்) போட்டால் வீடு குளுகுளுவென்று இருக்கும்" என்று நம்பி வாங்குகிறவர்கள் இங்கே நிறைய. இருக்காது. சூட்டைத் தடுப்பது சாம்பல் இல்லை, கல்லுக்குள் அடைபட்ட காற்று. தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலாகவே இருந்தாலும், அழுத்தி வார்த்த கல்லில் அந்தக் காற்று கிடையாது. கன மீட்டருக்கு சுமார் 1,700 கிலோ கனம். சூட்டைக் கடத்துவதில் செங்கல்லுக்குத் தோழன்.

ஏஏசி என்பது காற்றுக் குமிழ் நிறைந்த இலகு கான்கிரீட் பிளாக். அதிலும் பாதிக்கு மேல் சாம்பல்தான். சுண்ணாம்பு, சிமென்ட், ஜிப்சத்தோடு துளி அலுமினியப் பொடி சேர்வதால் ஹைட்ரஜன் கிளம்பி, கலவை இட்லி மாவு மாதிரி உப்பும். பிறகு அழுத்த நீராவியில் சுமார் 190 டிகிரியில் பல மணி நேரம் வேகும். கனம் 550 முதல் 650 கிலோ. 8 அங்குல ஏஏசி சுவர், 9 அங்குலச் செங்கல் சுவர் கடத்தும் சூட்டில் பாதிகூடக் கடத்தாது. மேற்குப் பார்த்த படுக்கையறைக்கும் ஏசி ஓடும் அறைக்கும் இதுதான் சரி.

சிஎல்சியும் இலகு கான்கிரீட் பிளாக்தான், ஆனால் இதில் குமிழ் நுரையால் வருகிறது. நீராவி கிடையாது, தண்ணீர் விட்டு இறுக வைப்பதுதான் (க்யூரிங்). நுரை அமுங்கினால் கல் கனத்துவிடும், அவசரமாக லாரி ஏற்றினால் பின்னால் சுருங்கி வெடிக்கும். வாங்கும் முன் காய்ந்த கல் ஒன்றைத் தராசில் வையுங்கள். 600 × 200 × 150 மி.மீ. கல், கன மீட்டருக்கு 1,000 கிலோ அடர்த்தி என்று சொல்லி விற்றால், 18 கிலோ இருக்க வேண்டும். 23, 24 காட்டினால் காசு கொடுத்தது காற்றுக்கு இல்லை.

பில்லர் இல்லாமல் சுவரே தளத்தைத் தாங்கும் வீட்டுக்கும், பேஸ்மட்டத்துக்குக் கீழும் சாம்பல் கல்லே போடுங்கள். ஏஏசியின் தாங்குதிறன் சதுர மி.மீ.க்கு 3, 4 நியூட்டன்தான். சாம்பல் கல்லில் 7.5 தாண்டியதே கிடைக்கும்.

ஏஏசி வெடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் கல் அல்ல, செங்கல் பழக்கம். செங்கல்லைத் தொட்டியில் ஊறவைப்பது மாதிரி இதை ஊறவைத்தால் தண்ணீர் குடித்து, காயும்போது சுருங்கி, இணைப்பில் பிளக்கும். தூசி தட்டி, பரப்பை லேசாக நனைத்தால் போதும். இணைக்க பிளாக் பசையானால் 3 மி.மீ. கனம், சிமென்ட் கலவையானால் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல். சிமென்ட்டைக் கூட்டினால் வெடிப்பு கல்லுக்குள்ளேயே ஓடும். பில்லரும் பிளாக்கும் சேரும் இடத்தில் இரு பக்கமும் 15 செ.மீ. ஏறும்படி வலை அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும். பீமுக்கு அடியில் விட்ட விரல் இடைவெளியைக் கட்டிய அன்றே அடைக்கக் கூடாது, தளம் கொஞ்சம் அமரட்டும். டிவி, கீசர் மாட்ட சாதா ஆணி நிற்காது. ஏஏசிக்கென்றே வரும் நைலான் பிளக் வேண்டும்.

மாடி எடுக்காத ஒற்றைத் தள வீடாக இருந்து, சுவர், கூரை இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருந்தால், முதலில் மொட்டை மாடிக்குச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டோடு பதியுங்கள். உச்சி வெயில் இறங்குவது அந்த வழியாகத்தான். சுவருக்குச் சாம்பல் கல்லே இருந்துவிட்டுப் போகட்டும்.