சூரிச்சிலிருந்து மிலானுக்கு: சுரங்கமா, மலையா, பெர்னினாவா?

சூரிச்சிலிருந்து மிலானுக்கு ரயிலில் போக நல்ல வழிகள் மூன்று உண்டு. சீக்கிரம் போய்ச் சேருவதுதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம். யூரோசிட்டி ரயிலில் ஏறி உட்கார்ந்தால், எங்கும் மாறாமல் மூன்றேகால் மணி நேரத்தில் மிலானோ சென்ட்ராலேயில் இறங்கிவிடலாம். கையில் குழந்தை, கனமான பெட்டிகள், சாயங்காலம் அங்கே ஒரு வேலை என்றால் இதுதான் சரி. எல்லை தாண்டும் பயணத்துக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்த வேகத்துக்குக் காரணம் 2016இல் திறந்த கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கம். ஏர்ஸ்ட்ஃபெல்டில் நுழைந்து போடியோவில் வெளியே வருகிறது, நீளம் 57 கி.மீ. உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம் இதுதான். சில இடங்களில் தலைக்கு மேல் 2,300 மீட்டர் பாறை நிற்கிறது. இதைக் கட்டியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஆல்ப்ஸ் மலையை முதல்முறை கடப்பவருக்கு, மலையின் நடுப்பகுதி முழுவதும் ஏறக்குறைய இருபது நிமிட இருட்டாகவே போய்விடுகிறது.

இரண்டாவது வழி மலைப்பாதை. அந்த மலை மேலேயே இருக்கிறது, 1882இல் போட்ட பழைய பாதையும் அங்கேதான் இருக்கிறது. அதில் இப்போது ‘ட்ரெனோ கோட்ஹார்ட்’ என்ற செம்பு நிற ரயில்கள் ஓடுகின்றன. சில ரயில்கள் சூரிச்சிலிருந்தே கிளம்பும். மற்ற நேரங்களில் ஆர்த்-கோல்டாவில் மாற வேண்டும். பெல்லின்சோனாவில் இறங்கி மிலான் ரயிலைப் பிடிக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகும். என்னைக் கேட்டால், அந்த நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

வாசென் என்ற ஊரில் ஒரு குன்றின் மேல் வெள்ளைத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. தெற்கே போகும்போது முதலில் அதை அண்ணாந்து பார்ப்பீர்கள். ரயில் மலைக்குள் வளைந்து திரும்பி வந்தால், அதே கோயில் கண்ணுக்கு நேராக நிற்கும். அப்புறம் இன்னொரு வளைவு. இப்போது அது காலுக்குக் கீழே கிடக்கும். ரயில் எவ்வளவு உயரம் ஏறிவிட்டது என்று குழந்தைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். செங்குத்தாக ஏற முடியாத ரயிலுக்கு, மலைக்குள் சுழல் சுரங்கங்கள் குடைந்து பாதையின் நீளத்தைக் கூட்டி ஏற்றத்தைக் குறைத்த வேலை அது. கோஷெனெனிலிருந்து ஐரோலோ வரை போகும் 15 கி.மீ. சுரங்கத்தை ஒப்பந்தம் எடுத்த லூயி ஃபாவ்ர், 1879இல் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே இறந்தார். அடுத்த ஆண்டு இரு பக்கத்திலிருந்தும் தோண்டியவர்கள் நடுவில் சந்தித்ததை அவர் பார்க்கவில்லை.

பழைய பாதையைக் காட்சிப் பொருளாக நினைத்துவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் ஒரு சரக்கு ரயில் புதிய சுரங்கத்துக்குள் தடம் புரண்டது. 2024 செப்டம்பரில்தான் சுரங்கம் முழுதாகத் திறந்தது. அதுவரை பயணிகள் ரயில்களில் பெரும்பகுதிக்கு இந்த மலைப்பாதைதான் கைகொடுத்தது.

மூன்றாவது வழி பெர்னினா கணவாய். சூரிச்சிலிருந்து கூர், அங்கிருந்து ரேட்டியன் ரயில்வேயின் சிவப்பு ரயிலில் இத்தாலியின் திரானோ, பிறகு கோமோ ஏரிக்கரை வழியாக மிலான். எட்டு மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் முழு நாளையும் இதற்கே ஒதுக்கிவிடுங்கள். 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம் வளைந்துபோய்ச் செங்குத்துப் பாறையில் உள்ள சுரங்க வாயில் முட்டி நிற்கிறது. ஒஸ்பிஸியோ பெர்னினா நிலையத்தில் உயரம் 2,253 மீட்டர். அங்கிருந்து ரயில் பல்சக்கரம் எதுவும் இல்லாமல், சாதாரணத் தண்டவாளத்திலேயே 429 மீட்டரில் உள்ள திரானோவுக்கு இறங்குகிறது. புரூசியோவில் பாதை ஒரு முழு வட்டம் அடித்துத் தன் பாலத்துக்குக் கீழேயே நுழைந்து போகும்.

இதில் ஒரு விஷயம். பெரும்பாலானவர்கள் கூடுதல் கட்டணம் கட்டி ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ பிடிக்கிறார்கள். கண்ணாடி கூரைவரை வளைந்திருக்கும், ஆனால் ஜன்னலைத் திறக்க முடியாது. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை. ஜன்னல் திறக்கும் பெட்டிகளும் கிடைக்கும். வழியில் மாற வேண்டியிருக்கும், பரவாயில்லை. பிடித்த ஊரில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். படம் எடுப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை: போகும்போது மலைப்பாதை, திரும்பும்போது சுரங்கம். வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் அந்த இருட்டு யாரையும் உறுத்தாது. பெர்னினாவுக்குத் தனியாக வாருங்கள், நடுவில் ஒரு இரவு தங்கினால் இன்னும் நல்லது. ஆனால் தள்ளுபடிச் சீட்டு வாங்கும்போது கவனம் வேண்டும். அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். தேடும்போது முதலில் காட்டுவது பெரும்பாலும் சுரங்க வழி ரயில்தான். மலைப்பாதை வேண்டுமென்றால் ‘கோஷெனென் வழியாக’ என்று கொடுத்துத் தேடிய பிறகு பணம் கட்டுங்கள்.