மைக்கா ஒட்டும் முன் போய்ப் பாருங்கள்

கோத்தகிரி வந்து சேர்ந்து வண்டியின் பின்கதவை இறக்கினேன். உள்ளே இருந்த இழுப்பறைக்கு என்னைவிட அவசரம். குக்கர், அரிசி டப்பா, 5 கிலோ சிலிண்டர், ஸ்பானர்கள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பாய்ந்து வந்தது, என் முழங்காலில் இடித்தது, தான் ஓடும் இரும்புத் தண்டவாளமான சேனலைவிட்டுக் கழன்று சாலையில் விழுந்தது. டீக்கடை வாசலில் நின்றவர்கள் ஓடி வந்து உருளைக்கிழங்கு பொறுக்கித் தந்தார்கள். ஒருவர் இழுப்பறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புதுசா சார்?" என்று கேட்டார். பின்தளத்தில் படுக்கையும் இழுப்பறைகளும் செய்யக் கொடுத்திருந்த வண்டியை அன்று காலையில்தான் கோயம்புத்தூரில் பட்டறையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். 1,85,000 ரூபாய்.

பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது. பெயரைவிட, நான் எங்கே ஏமாந்தேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். மனைவியின் அக்கா கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் இருக்கிறார். ஆண்டுக்கு மூன்று முறையாவது நீலகிரியிலிருந்து இறங்கிப் பழனி மலை ஏறுகிறோம். வழியில் நண்பர்களுடைய தோட்டங்களில் வண்டியை நிறுத்தித் தூங்கலாம், காலையில் நாமே காப்பி போட்டுக் குடிக்கலாம் என்ற ஆசையில் பழைய இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றை வாங்கினேன். காட்டுக்குள் நிறுத்தித் தூங்கும் யோசனை எனக்கு இல்லை. அது சட்டப்படி குற்றம், யானைக்கும் பிடிக்காது.

இரட்டைக் கேபின் வண்டியில் பின்தளம் நீளம் ஐந்தடிதான். ஆறடி ஆள் படுக்க ஒரே வழி, பின்கதவை இறக்கி, அதன்மேல் வந்து உட்காரும்படி ஒரு மடிப்புப் பலகை வைப்பது. கீழே பத்து அங்குல உயரத்தில் இரண்டு நீள இழுப்பறைகள், அவற்றின் மேல் படுக்கைத் தளம், கேபின் பக்க மூலையில் பேட்டரிப் பெட்டி. மேலே ஏற்கெனவே ஃபைபர் மூடி இருந்தது. இதையெல்லாம் நானே கட்டம் போட்ட தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

பட்டறைக்காரர் நன்றாகப் பேசுகிறவர். வீட்டுச் சமையலறைகளுக்கு அலமாரி செய்வதுதான் அவருடைய தொழில். வண்டி வேலையும் நிறையச் செய்திருப்பதாகச் சொல்லித் தொலைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஒன்றைவிட ஒன்று அழகு. "கவலையே வேண்டாம் சார், மலைக்குத் தகுந்த மாதிரியே செய்து தருகிறோம்" என்றார். ஒரு படத்தில் பின்னால் ஊசியிலை மரங்களும் பனியும் தெரிந்தன. ஊட்டி என்று நானே நினைத்துக்கொண்டேன். அதே படத்தைப் பிறகு வீட்டில் பார்த்த மனைவிதான், "இதில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறதே" என்றாள். அதற்குள் 75,000 ரூபாய் முன்பணம் போய்விட்டது.

25 நாளில் முடியும் என்றது மூன்று மாதம் இழுத்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தச்சு வேலை சொன்ன தேதியில் முடிந்ததாக எங்கள் குடும்பத்தில் வரலாறு இல்லை. குறை வேறு. இந்த மூன்று மாதத்தில் நான் பட்டறைக்குப் போனது இரண்டே முறை. இரும்புச் சதுரக் குழாயில் சட்டகம் அடித்தபோது ஒரு முறை, எல்லாம் முடிந்து பளபளவென்று நின்றபோது ஒரு முறை. நடுவில் எப்போது கேட்டாலும், "இப்போது வராதீர்கள் சார், பசை வேலை நடக்கிறது, ஒரே தூசி" என்று பதில் வந்தது. என்மேல் உள்ள அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். பலகை பலகையாகத் தெரியும் நாள்கள் அவைதான். மேலே மைக்கா என்னும் அலங்காரத் தாளும் விளிம்பில் பட்டையும் ஒட்டிவிட்டால், உள்ளே இருப்பது தேக்கா தவிடா என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

என் வண்டியில் தவிடு. நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. விளக்குப் பொருத்துவதற்காக ஃபைபர் மூடியில் துளை போட்டவர்கள், அதைச் சுற்றிப் பசை அடைக்கவில்லை. தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பலகைக்குள் போனது. பத்தே நாளில் நடுத்தடுப்பு தடித்து, வலப்பக்க இழுப்பறை திறக்க மறுத்தது. மைக்கா அப்பளம் போலப் பொங்கியது. ஒரு மூலையை உளியால் நெம்பினேன். தடுப்புகள் முழுவதும் மரத்தூள் பலகை. படுக்கைத் தளம் மட்டும் பிளைவுட்.

பிளைவுட் வாங்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கடைகளில் 'மரைன்' என்று சொல்லி விற்கும் நீர்தாங்கும் பலகைக்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. சாதாரணப் பலகைக்கு ஐ.எஸ். 303. அதிலும் ஈரத்தை ஓரளவு தாங்குவது ஒரு வகை, கொதிநீரை ஓரளவு தாங்குவது இன்னொரு வகை. முத்திரையும் எண்ணும் பலகையின் முகத்தில் அச்சாகியிருக்கும். 710 பலகை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையில் பிரியாமல் நிற்க வேண்டும். பட்டறைக்காரர் கொடுத்த மதிப்பீட்டில் '710 மரைன், 18 மி.மீ.' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். என் வண்டியில் மைக்காவை உரித்தபோது எந்தப் பலகையிலும் முத்திரை இல்லை. உள்ளங்கை அளவு ஒரு துண்டை அறுத்து, பழைய ரசச் சட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டோம். 72 மணி நேரத்துக்கு எரிவாயு செலவழிக்க நேரவில்லை. சாப்பாட்டு வேளைக்குள் அது புத்தகம் போலப் பக்கம் பக்கமாகப் பிரிந்தது. அந்தத் துண்டைப் படம் பிடித்து, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

இழுப்பறை பாய்ந்த கதைக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குஞ்சப்பனை தாண்டுவதற்குள்ளேயே பின்னால் 'டொம்' என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. வளைவுக்கு ஒரு டொம். சாமான்கள் உருளுகின்றன என்று நினைத்தேன். இழுப்பறையே நழுவி நழுவிப் பின்கதவில் மோதியிருக்கிறது. அதில் போட்டிருந்தது வீட்டு மேசைகளுக்குப் போடும் சேனல், 45 கிலோ வரை தாங்குவது. அதுவும் நிலையாக நிற்கும் மேசையில். சாமான்களோடு என் இழுப்பறை 70 கிலோவுக்குக் குறையாது. மலைச்சாலையில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது எடை முழுவதும் பின்னால் சரியும். கனரகச் சேனலும், மூடிய நிலையில் தானாகப் பிடித்துக்கொள்ளும் பூட்டும் இல்லாமல் அது நிற்காது. மதிப்பீட்டில் 'பூட்டுடன் கூடிய கனரகச் சேனல்' என்ற வரிக்கு மட்டும் 22,000 ரூபாய் போட்டிருந்தார்கள்.

பேட்டரிதான் பச்சை மோசடி. பணம் வாங்கியது 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிக்கு. அது ஏறத்தாழ 12 கிலோதான் இருக்கும், ஒரு கையால் தூக்கலாம். பெட்டி மூடியைத் திருகாணி போட்டு இறுக்கி, அதன் மேலும் மைக்கா ஒட்டியிருந்தார்கள். உடைத்துத் திறந்தால் உள்ளே ஈய அமில பேட்டரி. தூக்க இருவர் வேண்டியிருந்தது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும் பேட்டரியை, காற்றுப் போக்கே இல்லாத பெட்டியில் அடைத்து, எங்கள் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கிடையாது. வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். வயர் மெலிது என்பதால் மின்னழுத்தம் குறைந்து சின்ன ஃபிரிட்ஜ் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றது. இணைப்பைத் தொட்டால் சுட்டது. நாங்கள் அதில் தூங்கியது இரண்டே இரவு. குலதெய்வம் காப்பாற்றியது.

அடுப்பையும் மூடிக்கு உள்ளே வைத்துச் சமைக்கும்படி செய்து தருவதாகவும், "குளிருக்கு இதமாக இருக்கும்" என்றும் சொல்லியிருந்தார். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டிக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியைக் குளிர் ஊர்க்காரர்கள் எத்தனை முறை படித்திருக்கிறோம். இதை மட்டும் முதல் நாளே மறுத்துவிட்டேன்.

எடை இன்னொன்று. 150 கிலோவுக்கு மேல் போகாது என்றார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றினேன். அதற்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் மேட்டுப்பாளையத்தில், உருளைக்கிழங்கு லாரிகள் எடை போடும் மேடையில் வண்டியை ஏற்றினேன். வித்தியாசம் 280 கிலோ. வெறும் உள்வேலை மட்டும். 18 மி.மீ. பிளைவுட் முழுப் பலகை ஒன்றே 35 கிலோ வரும். கணக்குப் போட்டுப் பார்க்காதது என் தவறு. நாங்கள் இருவர், தண்ணீர், சாமான்கள் இதன்மேல். இரண்டாவது கியரில் இறங்கியும் பிரேக் கருகும் வாடை வந்தது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

பட்டறைக்காரரிடம் தொலைபேசியில் பேசியபோது முதலில், "உங்கள் ஊர் ஈரத்துக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார். மலைக்குத் தகுந்த மாதிரி செய்வதாகச் சொன்ன அதே வாய். பிறகு ஆள் அனுப்புகிறேன் என்றார். ஆள் வரவில்லை. நான் மைக்காவை உரித்ததால் உத்தரவாதம் போய்விட்டது என்றார். அதற்குப் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார்.

என் கையில் இருந்த ஆதாரம் குறைவு. 1,85,000 ரூபாய்க்கு அவர் கொடுத்த ரசீது 60,000-க்குத்தான், அதிலும் 'உள் அலங்கார வேலை' என்று ஒரே வரி. மீதியைத் தொலைபேசி வழியாக அனுப்பியிருந்ததால் வங்கிக் கணக்கில் பதிவு இருந்தது, பிழைத்தேன். கையால் எழுதிய அந்த மதிப்பீட்டை மனைவி பத்திரப்படுத்தியிருந்தாள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு பட்டறையிலிருந்து வேறொரு குரல் அழைத்தது. 20,000 தருகிறோம், படங்களை அழித்துவிடுங்கள் என்றது. மறுத்துவிட்டேன்.

பலருக்குத் தெரியாத செய்தி இது: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதனால் கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை, உதகமண்டலத்திலேயே தாக்கல் செய்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி வேலை கொடுக்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை எழுதி வாங்குங்கள்: மைக்கா ஒட்டும் முன் நான் வந்து பலகை முத்திரையைப் படம் பிடித்த பிறகுதான் இரண்டாம் தவணை. தூசி என்றால் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போங்கள். பேட்டரியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். அவர் காட்டும் படத்திலுள்ள வண்டிகளில் ஒன்றையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். காப்பீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் போய் முட்டும். எது வெறும் சாமான், எது மாற்றம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. திருகாணியைக் கழற்றினால் முழுதாக வெளியே வரும்படி செய்துகொண்டால் பாதித் தலைவலி இல்லை.

இப்போது எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் சில்வர் ஓக் பலகையில் புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறார். தேயிலைக்கு நிழலாக நிற்கும் அதே மரம்தான், மர மில்லில் வாங்கியது. சேனலே இல்லை. மரச்சட்டத்தில் மெழுகுவத்தி தேய்த்து ஓடவிட்டிருக்கிறார். பூட்டுக்குக் கதவுத் தாழ்ப்பாள். அழகில் பழைய ரேஷன் கடைப் பெட்டி போல இருக்கிறது. பூம்பாறை வரை போய்த் திரும்பினோம், ஒரு டொம் கூட இல்லை.

பழைய பலகைகள் வழக்குக்காக விறகுக் கொட்டகையில் கிடக்கின்றன. அதற்கு முன்பே மடிப்புப் பலகையைப் பக்கத்து வீட்டுத் தம்பி கோழிக்கூண்டுக்குக் கேட்டு எடுத்துப் போயிருந்தான். ஒரு மழை முடிந்து திரும்பக் கொண்டுவந்து வாசலில் சாய்த்து வைத்தான். "கோழி இதைக் கொத்தித் தின்கிறது அண்ணா, வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறது" என்றான்.