தோப்பைக் குத்தகைக்கு விடுவதா, நாமே கிலோ கணக்கில் விற்பதா?

பங்குனியில் மாம்பிஞ்சு கோலிகுண்டு அளவு திரண்டதும் வியாபாரி வந்துவிடுவார். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர், 80 மரம். அத்தனையும் பெங்களூரா ரக மா. மரத்துக்கு மரம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “60 ஆயிரம் தரேங்கண்ணா” என்றார். அப்பா உடனே முன்பணம் வாங்கிவிடுகிற ஆள். இந்த முறை காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, இருவரும் கணக்குப் பார்த்தோம்.

குத்தகை என்றால் மருந்து, காவல், பறிப்பு எல்லாம் அவர் செலவு. எவ்வளவு காய்த்தாலும் நமக்கு வரவு 60,000. வரைபடத்தில் அது படுத்த கோடு.

நாமே விற்றால் மருந்துக்கும் காவலுக்கும் 20,000 முன்னாலேயே போய்விடும். மண்டியில் கமிஷன் போக கிலோவுக்கு 12 ரூபாய் கிடைத்து, பறிகூலியும் வண்டி வாடகையும் 4 ரூபாய் ஆனால், 8 ரூபாய் நிற்கும். மொத்த கிலோவை ‘க’ என்று வைத்தால்:

வரவு = 8க − 20,000

பள்ளிக்கூடத்தில் படித்த அதே நேரிய சமன்பாடுதான். இதை 60,000-க்குச் சமமாக வைத்தால் 8க = 80,000; க = 10,000. அதாவது 10 டன், மரத்துக்கு 125 கிலோ. அதைத் தாண்டினால்தான் சொந்த விற்பனை லாபம்.

சரி, விலை 9-க்கு இறங்கினால்? கிலோவுக்கு 5 ரூபாய்தான் நிற்கும். 5க = 80,000, க = 16,000. மரத்துக்கு 200 கிலோ வேண்டும்! மூன்றே ரூபாய் இறங்கியதற்கு 6 டன் கூடுதலாகக் காய்க்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பயம் இந்தச் சாய்வில்தான், அதாவது ‘க’வுக்கு முன்னால் நிற்கிற எண்ணில். பெங்களூரா வருஷா வருஷம் ஓரளவு காய்க்கிற ரகம், அல்போன்சா மாதிரி ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் ஏமாற்றாது. எடையை ஊகித்துவிடலாம். விலை மாங்கூழ் ஃபேக்டரிகள் கையில் இருக்கிறது. நம் தோப்பு நன்றாகக் காய்க்கிற வருஷம் பெரும்பாலும் சித்தூர் வரைக்கும் எல்லாத் தோப்பும் காய்க்கும். அப்போது ‘க’ ஏறும், 8 இறங்கும்.

போன வருஷ எடைச் சீட்டுகளைக் கூட்டினோம்: 9 டன். 12 ரூபாய் விலையிலேயே 52,000தான். ஆக, எங்களுக்குக் குத்தகைதான் சரி. அப்பா 65,000 கேட்டார், 63-க்கு முடிந்தது. அந்தக் காலண்டர் தாளை எடைச் சீட்டுகளோடு மடித்து பீரோவில் வைத்திருக்கிறார், அடுத்த பங்குனிக்கு.